மின்னும் ஹோஸ், குறையும் தண்ணீர்

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் ஓடின. அடுத்த ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாமிடம் பிடித்தது. அதுவரை மோட்டார் பந்தயத்தின் பக்கம் திரும்பிப் பார்க்காத ஊர்களிலும் அந்தப் பேச்சு நுழைந்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் பந்தய ஆர்வத்தோடு பந்தயக் காரின் உறுப்புகளும் சேர்ந்து ஊருக்குள் வருகின்றன. அவற்றுள் முதலாவதாக வருவது சிலிகான் ஹோஸ். கம்பெனியில் போட்டுத் தந்த கறுப்பு ரப்பர் ஹோஸ்களைக் கழற்றி எறிந்துவிட்டு, நீலத்திலோ சிவப்பிலோ பளபளக்கும் சிலிகான் ஹோஸ் கிட்டை ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே மாட்டுவது இப்போதைய நாகரிகம். பானெட்டைத் திறந்தால் நிறம் தெரிய வேண்டும்.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இதற்கு விலக்கல்ல. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744-ஆம் எண் நெடுஞ்சாலை இந்த இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டு சிவகிரி, புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறுகிறது. வேகமான கார் வைத்திருப்பவருக்கு இதைவிட ஆசை காட்டும் சாலை வேறில்லை. சமவெளியில் நேர்கோடு, அதன்பின் மலை வளைவுகள். இந்தப் பாதையில் ஓட்டுகிறவர்கள் வண்டியின் சூட்டைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம். அந்தக் கவலைக்குக் கடைக்காரர் தரும் பதில்தான் சிலிகான். "ரப்பர் அஞ்சு வருஷத்துல வெடிச்சிரும் தம்பி, இதப் போட்டா வண்டி ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்" என்பது அந்தப் பதிலின் சுருக்கம்.

அந்தப் பதில் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். கூலண்ட் ஹோஸுக்குச் சிலிகான் என்பது சாலையில் ஓடும் காரில் இல்லாத ஒரு நோய்க்கு மருந்து. அந்த மருந்து கொண்டுவரும் பக்கவிளைவோ, வண்டியின் உண்மையான நோய்களைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது.

சிலிகானின் நற்குணங்களை மறுக்க முடியாது. ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ் வரை அது அசைந்து கொடுக்காது. கூலண்ட் ஹோஸ் செய்யும் ஈபிடிஎம் ரப்பரோ 125 முதல் 150 டிகிரியில் களைத்துவிடும். ஓசோனும் வெயிலும் சிலிகானை ஒன்றும் செய்வதில்லை. ரப்பர் ஹோஸுக்கு இன்னொரு மறைமுக நோயும் உண்டு. ஹோஸில் கலந்திருக்கும் கரித்தூள் மின்சாரத்தைச் சிறிது கடத்துவதால், கூலண்டும் உலோகக் கழுத்தும் ஹோஸும் சேர்ந்து ஒரு சின்ன மின்கலம் போலாகி, ஹோஸின் முனைகளை உள்ளிருந்தே நுண்ணிய வெடிப்புகளாகக் கிழிக்கும். அமெரிக்காவின் கேட்ஸ் நிறுவனம் இதை விரிவாக ஆராய்ந்து, இந்த அரிப்பைத் தாங்கும் ரப்பரையும் செய்தது. எஸ்ஏஇ அமைப்பு இதற்கென்றே ஜே1684 என்று ஒரு சோதனை முறை வைத்திருக்கிறது. சிலிகானுக்கு இந்த நோய் வராது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் காற்றுக் குழாய்க்குச் சிலிகான்தான் சரி. அங்கே சூடு நிஜமாகவே 150 டிகிரியைத் தொடும், உள்ளே ஓடுவதும் தண்ணீரல்ல. இன்றைய டர்போ டீசல் லாரிகளிலும் பஸ்களிலும் அந்த இடத்தில் சிலிகான் ஹோஸைப் பார்க்கலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உரசிக்கொண்டு போகும் ஒரு குட்டி ஹோஸ் இருந்தால் அதற்கும் சிலிகான் போடலாம்.

இவ்வளவுதான் ஒப்புக்கொள்ள வேண்டியவை.

முதலில் சூட்டைப் பார்ப்போம். ஹோஸ் மாற்றினால் எஞ்சின் சூடு குறையும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். குறையாது. எஞ்சின் எந்தச் சூட்டில் ஓட வேண்டும் என்பதைத் தெர்மோஸ்டாட் தீர்மானிக்கிறது. சூட்டை வெளியேற்றுவது ரேடியேட்டரும் விசிறியும். ரப்பரும் சிலிகானும் இரண்டுமே வெப்பத்தை மோசமாகக் கடத்துபவை. ஹோஸின் வேலை தண்ணீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சிந்தாமல் கொண்டுசேர்ப்பது மட்டும்.

சரி, அப்படிப் போகும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கும்? எஞ்சின் தலையிலிருந்து வெளியே வரும் கூலண்ட் வழக்கமாக 90 முதல் 105 டிகிரி. கடும் ஏற்றத்தில், சித்திரை வெயிலில், ஏசியும் ஓடினால் இன்னும் கொஞ்சம் ஏறலாம். அதற்கு மேல் ஒரு கூரை இருக்கிறது. அந்தக் கூரை ரேடியேட்டர் மூடி. ஒரு பார் அழுத்தத்தில் மூடி திறந்துகொள்ளும் என்றால், அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும். கூலண்டில் தண்ணீரோடு சேரும் கிளைக்கால் பாதிக்குப் பாதி கலந்தது ஏறக்குறைய 130 டிகிரியில் கொதிக்கும். அதைத் தாண்டினால் மூடி நீராவியை வெளியே விட்டுவிடும். ஆகவே ஹோஸின் உட்சுவர் 180 டிகிரியைப் பார்க்கும் நாள் வராது. அப்படி ஒரு நாள் வந்தால் உள்ளே தண்ணீரே இருக்காது, எஞ்சின் தலை ஏற்கெனவே வளைந்திருக்கும்.

இந்த மூடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். மதுரையில் பஸ் விட்டு வளர்ந்த டிவிஎஸ் குடும்பத்தின் சுந்தரம் ஃபாசனர்ஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில், ஜெனரல் மோட்டார்ஸின் ரேடியேட்டர் மூடித் தயாரிப்பு வரிசையைப் பிரிட்டனிலிருந்து அப்படியே விலைக்கு வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஓடிய ஜிஎம் கார்களின் ரேடியேட்டர் மூடிகள் இங்கிருந்து போயின. தரத்துக்கான விருதையும் ஜிஎம்மிடமிருந்து சுந்தரம் ஃபாசனர்ஸ் பெற்றது. கூலிங் சிஸ்டத்தின் அழுத்தத்தைக் காக்கும் இந்தச் சின்னப் பொருளின் ரப்பர் வாஷர் இறுகிப்போனாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ, எத்தனை விலையுயர்ந்த ஹோஸ் போட்டிருந்தாலும் தண்ணீர் முன்கூட்டியே கொதிக்கும். நீல ஹோஸ் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் கூடவே ஒரு புது மூடி வாங்குகிறார்கள்?

ரப்பர் என்றதும் புனலூர்ப் பக்கத்துத் தோட்டங்களோ கன்னியாகுமரி மாவட்டத்து மரங்களோ நினைவுக்கு வருவது இயல்பு. பால் வடித்துச் செய்த பொருள் வெயிலில் விரிசல் விடும் என்ற பயமும் அங்கிருந்தே வருகிறது. கூலண்ட் ஹோஸில் அந்த மரப்பால் இல்லை. எத்திலீனையும் புரொப்பிலீனையும் இணைத்துச் செய்யும் ஈபிடிஎம் அது. ஓசோன் வந்து தாக்குவதற்கான இரட்டைப் பிணைப்பு அதன் முதுகெலும்பில் கிடையாது. சூட்டையும் கிளைக்காலையும் தாங்குவதற்கென்றே தேர்ந்த பொருள்.

இனி விஷயத்துக்கு வருவோம். சிலிகான் தண்ணீரைப் பிடித்துவைப்பதில்லை.

ஓட்டை விழுந்து ஒழுகுவதைச் சொல்லவில்லை. புத்தம் புதிய, நல்ல கம்பெனியின், ஒரு குறையும் இல்லாத சிலிகான் ஹோஸின் சுவர் வழியாகவே நீராவி மூலக்கூறு மூலக்கூறாக வெளியே போய்விடும். சிலிகானின் மூலக்கூறுச் சங்கிலி மிக இளக்கமானது. அதன் இடுக்குகளில் வாயுக்களும் நீராவியும் தடையில்லாமல் நடமாடும். ஆக்சிஜனை அது இயற்கை ரப்பரைவிட ஏறக்குறைய 25 மடங்கு கடத்தும். நீராவியைப் பத்து மடங்குக்கு மேல் கடத்தும். ரகசியமோ சர்ச்சையோ அல்ல இது. சிலிகானின் புகழே இந்தக் குணத்தால் வந்ததுதான். 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் வால்டர் ராப் என்ற விஞ்ஞானி, மெல்லிய சிலிகான் படலத்தால் சுவர் அமைத்த கூண்டில் ஒரு வெள்ளெலியை வைத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் காட்டினார். தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் படலம் வழியே உள்ளே வந்தது, எலியின் மூச்சுக்காற்று வெளியே போனது, எலி உயிரோடு இருந்தது. அதே பத்தாண்டில் தியோடர் கொலோபோவ் சிலிகான் படலத்தைச் சுருட்டிச் செயற்கை நுரையீரல் செய்தார். 1990களின் இறுதியில் வந்த சிலிகான் ஹைட்ரோஜெல் கான்டாக்ட் லென்ஸ், கண்ணுக்குக் காற்று கிடைக்க வேண்டும் என்பதற்காகவே பிறந்தது. மூச்சுவிடுவதற்காக மருத்துவ உலகம் தேடிப்பிடித்த பொருளை, மூடி முத்திரையிட்ட ஒரு தண்ணீர்ச் சுற்றுக்குச் சுவராக வைக்கிறோம்.

எவ்வளவு போகும்? காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் ஒரு மீட்டர் நீளம், 32 மில்லிமீட்டர் விட்டம், 5 மில்லிமீட்டர் கனமுள்ள சுவர், உள்ளே 90 டிகிரியில் கூலண்ட். நூல்களில் கிடைக்கும் சிலிகானின் நீராவி ஊடுருவல் எண்ணைப் போட்டால், ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இது மேல்வரம்பு, நடுவில் இருக்கும் துணி அடுக்கும் மற்ற காரணங்களும் இதைக் குறைக்கும். ஆனாலும் தினம் ஒரு மணி நேரம் ஓடும் காரில் ஆண்டுக்குக் கால் லிட்டர் என்ற அளவை நெருங்கும் சாத்தியம் உண்டு. ஐந்து லிட்டர் கூலண்ட் பிடிக்கும் எஞ்சினில் மூன்று ஆண்டில் அது அற்பமான அளவல்ல. எஞ்சினை நடுவிலும் ரேடியேட்டரை முன்னாலும் வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஹோஸின் மொத்த நீளம் கூடினால் இழப்பும் கூடும்.

கால் லிட்டர்தானே, ஊற்றிக்கொள்ளலாமே என்பது சிலிகான் ஆதரவாளர்களின் உடனடிப் பதில். இந்தப் பதிலில்தான் முழு ஆபத்தும் இருக்கிறது.

இன்றைய காரின் கூலிங் சிஸ்டம் மூடிய சுற்று. ஆரோக்கியமான வண்டியில் ரிசர்வ் டேங்கின் கோடு ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். அதனால்தான் அந்தக் கோடு விலைமதிப்பில்லாத சாட்சி. வாட்டர் பம்ப் சீல் தேயத் தொடங்கினால் முதலில் சொல்வது அதுதான். ஹெட் கேஸ்கெட் இலேசாக விட ஆரம்பித்தால், சைலன்சரில் வெள்ளைப் புகை வருவதற்கும், ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பசை படிவதற்கும் மாதக்கணக்கில் முன்பே சொல்வதும் அதுதான். "வண்டி தண்ணி குடிக்குது" என்று நம் மெக்கானிக்குகள் சொன்னால் அது வண்டியின் உள்நோய்க்கு இடும் முதல் பெயர்.

சிலிகான் ஹோஸ் போட்ட வண்டி எப்போதும் தண்ணீர் குடிக்கும். நோய் இல்லாதபோதும் குடிக்கும். அந்த வண்டியின் சொந்தக்காரர் முதல் மாதங்களில் பதறுவார், மெக்கானிக்கிடம் காட்டுவார், அவர் ஹோஸைத் தடவிப் பார்ப்பார், க்ளிப்பை இறுக்குவார், அழுத்தச் சோதனை செய்வார், ஒரு சொட்டும் கசியாது. பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். தெரியாத மெக்கானிக் ஹெட் கேஸ்கெட்மேல் சந்தேகப்பட்டு, நன்றாக இருக்கும் எஞ்சினின் தலையைக் கழற்றுவார். அல்லது சொந்தக்காரர் பழகிப்போவார். மாதத்துக்கு ஒருமுறை ஊற்றுவது வழக்கமாகிவிடும். பழகிப்போன பிறகு, ஒருநாள் உண்மையான கசிவு தொடங்கும். அது தொடங்கியதை யாரும் பார்க்க மாட்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை என்பது இருபது நாளுக்கு ஒருமுறை ஆகும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆகும், கை தானாக ஊற்றிக்கொண்டே இருக்கும்.

இது கற்பனைப் பயமல்ல என்பதற்கு ஸ்போர்ட்ஸ் கார் உலகமே உதாரணம் தருகிறது. பிரிட்டனின் ரோவர் கே-சீரிஸ் எஞ்சின் 1988-இல் வந்தது. இலேசானது, அருமையாகச் சுழலக்கூடியது. 1996-இல் வந்த லோட்டஸ் எலிஸின் இதயம் அதுதான். எம்ஜிஎஃப் ஸ்போர்ட்ஸ் காரிலும் அதுவே. அந்த எஞ்சினின் தீராத குறை ஹெட் கேஸ்கெட். உள்ளே ஓடும் தண்ணீரின் அளவு குறைவு. தெர்மோஸ்டாட் தண்ணீர் நுழையும் பக்கத்தில் இருந்ததால், அது திறக்கும்போது ரேடியேட்டரின் குளிர்ந்த தண்ணீர் சூடான எஞ்சினைத் திடீரென அடித்தது. தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் கேஸ்கெட் போய்விடும். அப்படிப்பட்ட எஞ்சினைக் காப்பாற்ற ஒரே வழி, கூலண்ட் அளவைத் தொடர்ந்து பார்த்து, சிறு இறக்கத்தையும் சந்தேகிப்பது. அதே காருக்கு வண்ண வண்ணமாகச் சிலிகான் ஹோஸ் கிட்கள் விற்பனைக்கு இருக்கின்றன. சிறு இறக்கத்தைச் சந்தேகிக்க வேண்டிய வண்டியில், சிறு இறக்கத்தை இயல்பாக்கும் பொருளை மாட்டுவது என்ன பொறியியல்?

நம்மூரில் எலிஸ் அரிது. இங்கே வேகப் பிரியர்களின் கையில் அதிகம் இருப்பவை 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்ற சின்ன டர்போ கார்கள், கொஞ்சம் வசதியிருந்தால் 2017-இலும் 2020-இலும் எண்ணி விற்ற ஆக்டேவியா ஆர்எஸ். ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் இருக்கும் இஏ888 எஞ்சினில் தண்ணீர் எங்கே கசியும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்: வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்திருக்கும் பிளாஸ்டிக் கூடு. சூட்டில் நாள்பட்டு அது நெளிந்தோ வெடித்தோ மெதுவாகக் கசியும். எஞ்சினின் இடுக்கில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கசிவது சூட்டிலேயே உலர்ந்து கறையாகிவிடும். அதன் ஒரே முன்னறிவிப்பு டேங்கில் கோடு இறங்குவது. ரப்பர் ஹோஸ் அந்த எஞ்சினில் பலவீனமான கண்ணியே அல்ல. பலவீனமான கண்ணியை விட்டுவிட்டு, பலமான கண்ணியை மாற்றி, பலவீனமானதைக் கண்காணிக்கும் வழியையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து, என்ன ஊற்றுகிறார்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைப் பால்கோவாவை வைத்துச் சொன்னால் உடனே புரியும்: சட்டியில் பாலைக் கிண்டக் கிண்டத் தண்ணீர் மட்டும் போகிறது, மற்றதெல்லாம் தங்கி இறுகுகிறது. சிலிகான் சுவர் வழியே போவதும் தண்ணீர் மட்டுமே. கிளைக்கால் ஏறக்குறைய முழுதும் தங்கிவிடும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் முழுதும் தங்கிவிடும். ஆகவே குறைந்ததை ஈடுகட்ட ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். விவரம் தெரிந்தவர் என்று தம்மை நினைப்பவர் கலந்து விற்கும் கூலண்டையே ஊற்றுவார். ஒவ்வொரு முறையும் கிளைக்கால் விகிதம் ஏறும். ஒரே எடைத் தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் முக்கால் பாகத்துக்கும் குறைவாகவே கிளைக்கால் சுமக்கும். கலவை தடிக்கத் தடிக்க அது ரேடியேட்டருக்குக் கொண்டுசேர்க்கும் சூடு குறையும். சூட்டைக் குறைப்பதற்காகப் போட்ட ஹோஸ் சூட்டைக் கூட்டும் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

அவசரக்காரர் ஊற்றுவது இதைவிட மோசம். புளியங்குடியிலோ கடையநல்லூரிலோ நிறுத்தி, டீக்கடைக் குடத்திலிருந்து ஒரு பாட்டில். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஓடைத் தண்ணீர் மென்மையானது. ஆனால் சாலையோரத்தில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சமவெளிப் போர்வெல் தண்ணீர். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராமோடு நிறுத்தச் சொல்கிறது. வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. மனிதன் குடிக்கப் பொறுத்துக்கொள்ளும் அந்தத் தண்ணீரை அலுமினிய ரேடியேட்டர் பொறுத்துக்கொள்ளாது. ஊற்றிய தண்ணீர் ஹோஸ் சுவர் வழியே மறுபடி போய்விடும். அது கொண்டுவந்த சுண்ணாம்பு உள்ளேயே தங்கும். அடுத்த பாட்டில், அடுத்த சுண்ணாம்பு. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் எஞ்சின் தலையின் மிகச் சூடான இடங்களிலும் அது படியும். ரப்பர் ஹோஸ் போட்ட வண்டியிலும் யாராவது ஒருமுறை போர்வெல் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். ஆனால் அங்கே அது ஒருமுறையோடு நிற்கும். சிலிகான் அதை முடிவில்லாத சுழற்சியாக்குகிறது.

இந்த விஷயத்தை ராஜபாளையத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்பதுதான் வருத்தத்தைக் கூட்டுகிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து, நூற்பாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. நூல் அறாமலிருக்கக் காற்றில் ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும், பாய்லருக்குள் போகும் தண்ணீரை ஏன் மென்மையாக்க வேண்டும், எந்த உறுப்பை எத்தனை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மாற்ற வேண்டும் என்பதெல்லாம் மில்லில் வேலை பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த பாடம். கெட்டுப்போவதற்கு முன்பே கணக்கு வைத்து மாற்றுவது அந்தப் பாடத்தின் முதல் வரி. "ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்" என்ற வாக்கை அந்த ஊரின் பிள்ளைகள் நம்பலாமா?

உள்ளிருந்து தண்ணீர் போகும்போது வெளியிலிருந்து ஆக்சிஜன் வருகிறது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. உள்ளே அழுத்தம் அதிகமாக இருக்கும்போது காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்கலாம். தண்ணீரின் அழுத்தம் வேறு, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் பகுதியழுத்தம் வேறு. பின்னது உள்ளே மிகக் குறைவு என்பதால் ஆக்சிஜன் உள்நோக்கியே நகரும். ஐரோப்பாவில் வீட்டுத் தரைக்கடியில் பிளாஸ்டிக் குழாய் பதித்துச் சுடுநீர் விட்டபோது, இப்படி நுழைந்த ஆக்சிஜன் எஃகு உறுப்புகளைத் துருப்பிடிக்க வைத்தது. ஆக்சிஜன் தடுப்புக்கென்று ஜெர்மனி டிஐஎன் 4726 என்ற தரத்தையே வைத்தது. அந்தப் பிளாஸ்டிக்கைவிடச் சிலிகான் பன்மடங்கு திறந்த கதவு. கூலண்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து இந்த ஆக்சிஜனோடு போராடியே தீரும்.

மற்றக் குறைகள் சின்னவை, ஆனால் இருக்கின்றன. சிலிகான் எளிதில் கிழியும்; துளையிட்ட சாதாரணத் திருகு க்ளிப்பை இறுக்கினால் அந்தத் துளைகளுக்குள் பிதுங்கி அறுந்துபோகும், உட்புறம் வழுவழுப்பான க்ளிப் வேண்டும். குளிர்நாட்டு லாரிகளில் இரவுக் குளிரில் சிலிகான் ஹோஸின் க்ளிப் தளர்ந்து ஒழுகுவது பழைய புகார். இங்கே அந்தக் குளிர் இல்லை, விட்டுவிடலாம். கம்பெனி ஹோஸின் முனையில் சொடுக்கி மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பு பல கார்களில் உண்டு. பல சிலிகான் கிட்களில் அது இருப்பதில்லை. பழைய ஹோஸிலிருந்து அறுத்தெடுத்து ஒட்டவைக்கிறார்கள். ஒழுகும் இடம் ஒன்று கூடுகிறது. தடித்த போல்ட் க்ளிப்பை மெக்கானிக் முழு பலத்தோடு இறுக்கினால் ரேடியேட்டரின் நைலான் கழுத்து வெடிக்கும். சில ஆர்கானிக் கூலண்டுகளில் இருக்கும் 2-எத்தில்ஹெக்சனோயிக் அமிலம் சிலிகானை மென்மையாக்கும் என்பதால், சிலிகான் சீல் உள்ள எஞ்சின்களுக்கு அந்த வகையைத் தவிர்க்கச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. எந்த கூலண்ட் ஊற்றியிருக்கிறது என்று கிட் விற்பவர் கேட்பதில்லை.

"ரேஸ் கார்ல போடுறாங்களே?" என்பது கடைசி வாதம். போடுகிறார்கள், அங்கே அது சரி. பந்தயக் காரில் பெரும்பாலும் கிளைக்கால் ஊற்றவே விடுவதில்லை, தடத்தில் சிந்தினால் பின்னால் வருகிறவர் சறுக்கிவிடுவார் என்பதால் வெறும் தண்ணீர்தான். ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னும் பின்னும் மெக்கானிக்குகள் தண்ணீர் அளவைப் பார்க்கிறார்கள், வடிக்கிறார்கள், நிரப்புகிறார்கள். எஞ்சினே குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துக் கட்டப்படுகிறது. ஆண்டுக்குக் கால் லிட்டர் என்ற கேள்வி அங்கே எழவே எழாது. அவசரமாகக் கழற்றி மாட்ட இளக்கமான ஹோஸ் வேண்டும், எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகே நெருக்கமான இடத்தில் ஓட வேண்டும், அதற்குச் சிலிகான். அந்த ஒழுங்கு முழுவதையும் விட்டுவிட்டு அதன் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

தமிழ்நாட்டுப் பந்தய மரபு நிறத்தால் வளர்ந்ததும் அல்ல. சோழவரத்தில் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் ஓடிய நாள்களிலிருந்து, கிடைத்ததை வைத்துத் திருத்தமாக வேலை செய்வதே இங்கத்திய பெருமை. கோயம்புத்தூரின் மில் குடும்பத்திலிருந்து வந்த கரிவரதன், மாருதி 800-இன் உறுப்புகளைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். அந்தக் காரில் ஓட்டிப் பழகியவர்கள் ஒரு தலைமுறை ஓட்டுநர்களானார்கள். அவர் பெயரில்தான் 2003-இல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. சந்தையில் கிடைக்கும் சாதாரணப் பாகத்தை எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டு பயன்படுத்துவது என்பது அவருடைய வழி. சாதாரணப் பாகத்தைப் புரிந்துகொள்ளாமலே கழற்றி எறிவது அதற்கு நேர் எதிர்.

பத்து வயதான டர்போ காரின் ஹோஸ்களை மாற்றத்தான் வேண்டும். முனையருகே இரண்டு அங்குல இடத்தை எஞ்சின் ஆறிய பிறகு விரலால் அழுத்திப் பார்த்தால், நடுப்பகுதியைவிட மெத்தென்று இருந்தால், உள்ளே வெடிப்பு வந்துவிட்டது என்று பொருள். அப்போது வாங்க வேண்டியது கம்பெனி அளவுக்கே வார்த்த, மின்அரிப்பைத் தாங்கும் ஈபிடிஎம் ஹோஸ். கூடவே ஒரு புது மூடி, தெர்மோஸ்டாட், பிளாஸ்டிக் கூடு இருந்தால் அதுவும், டிஸ்டில்டு வாட்டரில் கலந்த சரியான கூலண்ட். பழைய ஸ்பிரிங் க்ளிப் தளராமல் இருந்தால் அதையே மாட்டலாம். ரப்பர் சூட்டில் விரிந்தாலும் சுருங்கினாலும் அதுவும் கூடவே அசைந்து பிடித்துக்கொள்ளும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு பெயர்பெற்ற ஒரு வெளிநாட்டு சிலிகான் கிட்டின் விலையோடு ஒப்பிட அஞ்ச வேண்டியதில்லை. சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பெயர் இல்லாமல் கிடைக்கும் மலிவுக் கிட்களைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம். எத்தனை அடுக்குத் துணி, எந்தத் தரச் சோதனை என்று ஒரு வரிகூட இல்லாத ஹோஸைக் கொதிக்கும் தண்ணீருக்கு நம்புவது எந்த நிறத்திலும் தவறு.

நல்ல கிட்கள் பெட்டியின்மேல் எத்தனை டிகிரி தாங்கும் என்று அச்சிடுகின்றன, எத்தனை பார் அழுத்தம் தாங்கும் என்றும் அச்சிடுகின்றன. 90 டிகிரியில், நூறு மணி நேர ஓட்டத்தில், அந்த ஹோஸ் தொகுப்பு எவ்வளவு நீராவியை வெளியே விடும் என்ற எண்ணையும் அதே பெட்டியில் அவர்கள் அச்சிட வேண்டும். டேங்கில் கோடு இறங்கும்போது எவ்வளவு ஹோஸால், எவ்வளவு எஞ்சினால் என்று பிரித்தறிய ஆரியங்காவு ஏறப்போகிறவருக்கு வேறு வழியில்லை.